எட்டாம் நாள் பெல்மேனி

நண்டுக்கறியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது சாரங்கி வந்து கேட்டாள்.

“அம்மா, அப்பா செய்துவச்ச பெல்மேனி எங்கை? பிறீசருக்கை காணேல்லை.”

தங்கமலர் சட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அங்கே துடைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“எறிஞ்சிட்டன்.”

“ஏனம்மா?”

“ஆக்கள் கொண்டுவந்த சாப்பாடு வைக்க இடம் வேணுமே.”

புருசன் மகேந்திரராசா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று வீடு நிறையப் புட்டும் கறியும் வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பையைக் குப்பைக்குள் போட்டது இடத்துக்காக அல்ல. அதன் மேல் அவர் ரஷ்ய எழுத்தில் ஏதோ எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் எறிந்தாள்.

மகேந்திரராசா இளம் வயதில் மொஸ்கோவில் படித்தவர். டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் அவர் வேலை செய்த மீன் தொழிற்சாலைக்கு லுத்மிலா என்ற ரஷ்யப் பெண் வேலைக்கு வந்த நாளிலிருந்து, மறந்துபோன மொழி அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. பதினொரு வருடமாக ஒவ்வொரு தை மாதமும் இந்த வீட்டு மேசையில் இருவரும் பெல்மேனிக்கு மா உருட்டினார்கள். அரைத்த இறைச்சியை வட்டமான மாவுக்குள் வைத்து, காதுபோல மடித்து, கொதிநீரில் அவித்து, புளித்த பாலாடையோடு இருபது பேருக்குப் பரிமாறினார்கள். தமிழில் அளந்து பேசும் மனுசன் அந்த மொழியில் வாய்விட்டுச் சிரிப்பார். தங்கமலர் ஒருநாளும் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டுக் குசினி வாசலில் நின்று அந்த நாலு கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று அவர் செத்து எட்டாம் நாள். செத்தவருக்குப் பிடித்த எதுவும் படையலில் குறையக்கூடாது. நண்டு இருக்கிறது, இறைச்சி இருக்கிறது, கிளாசில் விஸ்கியும் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கும்போது அவர் வந்து பெல்மேனி இல்லாத இலையைப் பார்ப்பார். கடைசியிலும் இவள் விட்டுக்கொடுக்கவில்லையே என்று நினைத்து அரைவயிற்றோடு போவார்.

“லுத்மிலாவுக்கு நான் போன் எடுக்கவோ?” என்றாள் சாரங்கி.

“வேண்டாம். நான் எடுக்கிறன்.”

அரை மணித்தியாலத்தில் லுத்மிலா மாவும் உருட்டுக் கட்டையுமாக வந்தாள். ஹோலில் எல்லோரும் தொலைக்காட்சியைச் சுற்றி இருந்தார்கள். வன்னிப் போரில் எல்லாம் முடிந்துவிட்டதென்ற செய்தி உறுதியாகியிருந்த நாள் அது. வந்திருந்த சபாரத்தினம் அண்ணை வன்னியில் எடுபடாத ஒரு நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். தங்கமலரின் கையைப் பிடித்த பெண்கள்கூட, “எத்தினை சனம் பிள்ளை, எத்தினை சனம்” என்றே அழுதார்கள். அவளும் அழுதாள். ஆனால் இந்தக் கண்ணீரில் என்ரை மனுசனுக்கு எவ்வளவு என்று அவள் மனம் கேட்டது. கேட்ட மனத்தை நினைத்து வெட்கப்பட்டாள்.

லுத்மிலா அவர் படத்துக்கு முன்னால் நின்று விம்மினாள். அந்த வீட்டில் அவருக்காக மட்டும் அழுதது அவள் ஒருத்திதான். அதையும் தங்கமலரால் பொறுக்க முடியவில்லை.

குசினி மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். லுத்மிலாவின் விரல்கள் அளவெடுத்ததுபோல மடித்தன. தங்கமலர் ஒரு வட்டத்தை எடுத்து, இறைச்சி வைத்து, மடித்து, இரு முனைகளையும் சேர்த்து அழுத்தினாள். கோணல்தான். ஆனால் பிரியவில்லை.

“யார் சொல்லித் தந்தது?” லுத்மிலா டெனிஷில் கேட்டாள்.

“ஒருத்தருமில்லை.”

லுத்மிலா அடுத்த வட்டத்தை எடுத்தாள்.

“முதல் தட்டை எப்பவும் உங்களுக்கென்று ஓவனுக்குள் வைப்பார். எங்களைத் தொட விடமாட்டார்” என்றாள் லுத்மிலா. “உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஒவ்வொரு வருசமும் கேட்க நினைப்பேன்.”

ஒவ்வொரு வருடமும் விருந்தினர் போனபின் தங்கமலர் அந்தத் தட்டைக் குப்பைக்குள் வழித்துவிட்டுக் கழுவி வைப்பாள். “சாப்பிட்டனீரோ?” என்று அவர் கேட்பார். “ஓம்” என்பாள். அவர் முகம் மலர்ந்துபோகும். அந்தச் சந்தோசத்தை லுத்மிலாவின் கணக்கில்தான் அவள் இவ்வளவு காலமும் எழுதி வைத்திருந்தாள்.

“ஓம்” என்றாள் இப்போதும். “பிடிக்கும்.”

அவிந்தவற்றை இலையில் வைக்கும்போது, லுத்மிலா அழகாக மடித்திருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விருந்தினரின் பாத்திரத்தில் போட்டாள். கோணலானவை மட்டும் இலையில் இருந்தன. சாரங்கி பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் நடையில் நின்றார்கள். சபாரத்தினம் அண்ணை போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். சிலர் சம்பல் கேட்டு வாங்கினார்கள். லுத்மிலா போகும்போது ஒருதரம் குசினிக்குள் போய்வந்து, தங்கமலரின் தோளைத் தொட்டாள். தங்கமலர் தோளை விலக்கவில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வந்தவர்கள் போனபின்னும் யன்னலில் வெளிச்சம் இருந்தது. கழுவிய தட்டத்தை வைக்க ஓவனைத் திறந்தாள். உள்ளே ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடியிருந்தது. தொட்டால் இளஞ்சூடு. எல்லாமே அழகாக மடித்தவை.

அதை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய், ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் இன்னும் மா ஒட்டியிருந்தது.

“அம்மா, சாப்பிட்டனீங்களோ?” ஹோலிலிருந்து சாரங்கி கேட்டாள்.

தங்கமலர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

“சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்.”