ஊர் சொல்லட்டும்

"கூடாது" என்ற மேசையில் வாக்குச்சீட்டுக் கட்டுகள் உயர உயர, பெட்டிக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தல் வேலையிலேயே தலை நரைத்தவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அது. அந்தப் பள்ளிக்கூட அரங்கில் இன்று அவர்தான் தலைமை எண்ணிக்கை அதிகாரி. எண்ணுவது கட்சி ஓட்டு அல்ல. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம் என்று போன வருடம் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நிற்கலாமா, கூடாதா என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்பு.

தீர்ப்பு வந்த அன்றே தன் தோழியோடு போய்ப் பதிந்துவிடத் துடித்தாள் அவர் மகள். முட்டுக்கட்டை போட்டவர் இந்த மனுஷர்தான்.

"நாலு நீதிபதி சொன்னா அது சலுகைம்மா. ஊரே சொன்னாத்தான் உரிமை. கொஞ்சம் பொறு, ஜெயிச்சுட்டு தலை நிமிந்து பண்ணிக்கலாம்."

"உங்க கல்யாணத்துக்கு ஊர்ல ஓட்டு எடுத்தாங்களாப்பா?"

மனைவி வாய்க்குள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடவுள் மேல்கூட அவருக்குச் சந்தேகம் வரும், ஓட்டுப்பெட்டி மேல் வராது. ஓட்டு முடிந்த மறுவாரம் கல்யாணம் என்று அவரே நாள் குறித்தார்.

இப்போது அவர் தெருப் பெட்டியைக் கொட்டினார்கள். "எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்த எதிர்வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அந்தப் பெட்டியிலும் "கூடாது"தான் மலிந்து கிடந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் ஓட்டின் அழகு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

அவர் கையெழுத்து விழுந்த நிமிடம் புதிய பதிவுகள் நிற்கும். முன்பே பதிந்தவை மட்டும் செல்லும். பதிவு அலுவலகம் மாலைவரை திறந்திருக்கும். யாராவது மறு எண்ணிக்கை கேட்டால் போதும், வேலை நாளைக்குப் போய்விடும். தொலைக்காட்சியில் நிலவரம் பார்த்து மகள் ஓடிப் பதிந்துவிடுவாள்.

ஆதரவுத் தரப்பு முகவரிடம் போனார். அந்தப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன.

"மறு எண்ணிக்கை வேணுமா?"

"வேணாம் சார். வித்தியாசம் மலையா இருக்கு."

விதிப்படி ஒருமுறை கேட்டால் போதும். அவர் மறுபடி கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

எதிர்த்தரப்பு முகவர் நிமிர்ந்தார். "என்ன சார், நீங்களே கேக்க வைப்பீங்க போல இருக்கே?"

பெட்டிக்காரருக்குக் காது சுட்டது. தலைமை அதிகாரி தானாகவே உத்தரவிடலாம், தடுக்க ஆளில்லை. ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பாழாய்ப்போன நேர்மை! கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அந்தக் கையை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

உள்ளே யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. வாசல் காவலாளியிடம் தன்னுடையதை வாங்கி, படியிலேயே உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, என்னை மன்னிச்சிடு. நான்தான் உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்."

"அழாதீங்கப்பா. நாங்க போன வாரமே பதிஞ்சுட்டோம்."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா பொறுன்னு சொல்லுவீங்க. உங்களுக்கு ஊர் மேல நம்பிக்கை இருந்துச்சு. எங்களுக்கு இல்லப்பா."

"சாட்சி யாரு?"

"அம்மா."

போன வாரம் கடைக்குப் போவதாகச் சொல்லி, நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு மனைவி கிளம்பிய காலை நினைவுக்கு வந்தது. அந்த நேரம் அவர் இதே அரங்கில்தான் இருந்தார். ரகசியம் காப்பது எப்படி என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.