ரப்பர் வைக்காத வண்டி

கார் கிளம்பினால் ஹேடோ குவார்ட்டர்ஸில் முதலில் விழித்துக்கொள்வது கீழ்வீட்டுச் செல்லத்தின் டம்ளர்கள்தான். அலமாரியில் அவை கிணுகிணுக்கத் தொடங்கியதும், "ஜெகநாதன் அண்ணன் கப்பல் எடுத்தாச்சு" என்பாள் செல்லம். இந்திராணிக்கு அது காதில் விழாமல் இல்லை. விழுந்து என்ன செய்ய? தூக்குச்சட்டியை ஒரு கையிலும் கைப்பையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து கிடந்த அந்த மஞ்சள் காருக்குள் இறங்குவதே அவளுக்குப் பெரிய வேலை. அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்குவதுதான். முதலில் இடுப்பைக் கொடுத்து உட்கார வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்ததும் நடுமுதுகிலிருந்து இடது குதிகால் வரைக்கும் ஒரு வலி ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்துவாள்.

ஐம்பது தாண்டிய மனிதருக்கு ரெண்டே சீட்டு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. தீவைவிட்டு மாற்றலாகிப் போன நேவி அதிகாரி ஒருவர், கப்பலில் ஏற்றி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகும் தொல்லைக்குப் பயந்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. "கார்த்திகாவத்தான் சென்னையில கட்டிக் குடுத்தாச்சே. நமக்கு ரெண்டு சீட்டு போதாதா?" என்று ஜெகநாதன் கேட்டபோது இந்திராணி மறுபேச்சு பேசவில்லை. அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

தீவுக்குத் தீவு ஓடும் கப்பலின் என்ஜின் அறையில் காலம் தள்ளியவர் ஜெகநாதன். சர்க்கரையும் பிரஷரும் ஏறிப்போய், இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், துறைமுக ஸ்டோரில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய். வீட்டில் டிவி பேசும், குக்கர் பேசும், அவர் பேசமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், உப்பு கூடினாலும் குறைந்தாலும் தின்றுவிட்டு எழுந்து போவார். ஒரு தடவை வேண்டுமென்றே சாம்பாரில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். அதையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அன்று அடுப்படியில் நின்று அழுதாள்.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே, என்ஜினைத் தாங்கும் மவுண்டில் இருக்கிற ரப்பர் கிழிந்தது. புது ரப்பர் சென்னையிலிருந்து வரவேண்டும். கடல் சரியில்லை, கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு நல்ல கார் மெக்கானிக்கிடம் போயிருந்தால் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பான். இவர் போனதோ ஜங்கிலிகாட்டில் டிங்கி என்கிற சின்ன மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் பூட்டும் முருகையாவிடம். "டிங்கில என்ஜின மரத்தோட சேத்துப் போல்ட்டு போட்டு இறுக்கிடறோம்ல அண்ணே, ரப்பரா வைக்கிறோம்? கப்பல் வர்ற வரைக்கும் சலேகா, ஓடிரும்," என்று சொல்லி, லேத்தில் இரும்பைக் கடைந்து, ரப்பர் இருந்த இடத்தில் வைத்து முறுக்கிவிட்டான். இந்தத் தீவுக்காரர்களுக்கு என்ஜின் என்றால் படகு என்ஜின்தான். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். கடலில் போகிற டிங்கியின் ஆட்டத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தார்ரோட்டில் போகிற காரின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ள இந்திராணிதான் இருந்தாள்.

முதல் நாள் மின்னி பே பக்கம் ஏற்றத்தில் வண்டி ஏறியபோது கண்ணாடியில் பின்னால் வருவது ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக ஆடியது. கதவு கிடுகிடுத்தது, சீட்டு கிடுகிடுத்தது, அவள் பல்லும் கிடுகிடுத்தது. என்னமோ உடைந்துவிட்டது என்று அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜெகநாதன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா இந்திரா?" சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார். "ரப்பர் இருந்தா கால வச்சதும் என்ஜின் மொதல்ல சாயும், அப்புறந்தான் வண்டிக்குத் தெரியும். இப்பப் பாரு, மிதிச்ச ஒடனே போகுது. கியரு வெண்ணெயா விழுது. என்ஜின் என்ன சொல்லுதுன்னு முதுகுக்கே தெரியுது பாரு."

அவள் முதுகுக்கும் தெரிந்தது.

அன்று தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. தினமும் காலையில் அவளை ஆபீஸில் இறக்கிவிடும் வரைக்கும் கத்திக் கத்திப் பேசினார். ஹட் பேயில் அலை தூக்கி அடித்த கதை, பிஸ்டனோடு மல்லுக்கட்டிய கதை, சமையல்காரன் குழம்பில் டீசல் வாடை அடித்த கதை. அவளும் கத்திப் பதில் சொல்லப் பழகினாள். கல்யாணமான புதிதில்கூட இத்தனை பேசியதில்லை. புது ரப்பர் பார்சல் கப்பலில் வந்து சேர்ந்தது. "இருக்கட்டும், பிறகு பாப்போம்" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டும். அவளும் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு வருவாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, குலுங்கவே கூடாது, கால் மரத்துப்போக ஆரம்பித்தால் மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டில் வெறும் வாயுப்பிடிப்பு என்று சொல்லி வைத்தாள் இந்திராணி. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் முகம் அப்படியே சுருங்கிப் போனது. மறுநாள் அவளே போய்க் காரில் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் வாசலில் இறங்கி, கார் வளைவில் மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நிற்பாள். மறைந்ததும் மரத்தடி சிமெண்டு பெஞ்சில் சரிந்துவிடுவாள். உடன் வேலை பார்க்கும் பானு வந்து இடுப்பை அமுக்கிவிட்டால்தான் படி ஏற முடியும். பானுவின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்தவர். அவளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"சொல்லிப் போடுங்கக்கா. கால் வெளங்காமப் போனா அந்தக் காரா வந்து தூக்கும்?"

"வலிக்கு மாத்திர இருக்கு பானு," என்றாள் இந்திராணி. "அவரு பேசாம இருந்தாரே, அதுக்கு எந்தக் கடையில போயி மாத்திர வாங்க?"

பானு இடுப்பை இன்னும் அழுத்தி அமுக்கினாள்.

மழை விட்ட ஒரு காலையில் கேம்பல் பே கதை நடந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் ஜெனரேட்டர் நின்றுபோய், கும்மிருட்டில், கப்பல் முழுக்கக் குழந்தைகள் அழ, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜெகநாதன் கீழே என்ஜின் அறைக்குள் இறங்குகிறார். அதற்குள் ஆபீஸ் வந்துவிட்டது. "மிச்சம் நாளைக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இந்திராணி பெஞ்சில் சாய்ந்தாள். அன்றைக்கு இடது பாதம் பஞ்சுபோல இருந்தது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. பானு குனிந்து செருப்பை மாட்டிவிடும்போது, அந்தத் தடதடப்பு திரும்பி வருவது கேட்டது. தூக்குச்சட்டி காரிலேயே இருந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், இடுப்பு கேட்கவில்லை. ஜெகநாதன் தூக்கோடு இறங்கி வந்தவர் கேட் பக்கத்திலேயே நின்றார். அவளைப் பார்த்தார், அவள் காலைப் பிடித்திருந்த பானுவைப் பார்த்தார். தூக்கைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பார்சலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. இன்னிக்குத்தான் கொஞ்சம்…"

"எத்தன நாளா?"

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கப்பல்ல ஒரு போல்ட்டு லூசானாலும் எனக்குக் கால்ல தெரிஞ்சிரும்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பக்கத்துல உக்காந்திருக்க மனுசி…" முடிக்காமலே பார்சலை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"அந்த வண்டி ஒங்களுக்குப் பிடிச்சிருக்கேங்க," என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

திங்கட்கிழமை கார் கிளம்பியது செல்லத்துக்கே தெரியவில்லை. டம்ளர்கள் சும்மா இருந்தன. சீட்டு மெத்தையாக இருந்தது, முதுகில் வலி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடங்கிக்கொண்டது. எத்தனையோ மாதம் கழித்து உடம்பு தன்னுடையது போலிருந்தது இந்திராணிக்கு. நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் ஜெகநாதன் ஸ்டோர் மேசையில் உட்கார்ந்திருக்கும் அதே முகத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார். வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. தூக்குச்சட்டியின் மூடி மெல்ல அசைவது கேட்டது. பின்னால் வருகிற பஸ் கண்ணாடியில் துல்லியமாகத் தெரிந்தது. துறைமுகம் போனது, கடைகள் போயின, அவர் வாயைத் திறக்கவில்லை. உப்பில்லாத சாம்பார் அவளுக்கு ஞாபகம் வந்தது. முதுகு வலிக்காதது பாவம் செய்தது மாதிரி இருந்தது.

மின்னி பே ஏற்றம் வந்தது. கியரை மாற்றியதும் ரப்பரில் என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து, வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஏறியது. அவருடைய உதடு கோணியது. வலது பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது.

"கேம்பல் பேயில கீழ எறங்குனீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?"

பழகிய தொண்டை, கத்தியே விட்டாள். பக்கத்தில் ஸ்கூட்டரில் போனவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். கார் முழுக்க அவள் குரல்தான் நின்றது. ஜெகநாதனும் திரும்பினார்.

"ஏன் கத்துற? கேக்குதே."

"கேக்குதுன்னா சொல்லுங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். கியர்க் குமிழின்மேல் கையை வைத்தார். அது ஆடாமல் இருந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. இந்திராணி சீட்டில் சாயாமல் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். இடுப்பில் சுருக்கென்றது. வளைவு தாண்டியது, மறு வளைவும் தாண்டியது.

"டார்ச்சு…" என்றார் ஜெகநாதன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "டார்ச்சு பல்லுலேருந்து நழுவித் தண்ணியில விழுந்திருச்சு."