முற்றத்தில் கேட்காத சத்தம்

ரெய்னோ அன்றைக்கு வில்லை எடுத்ததும் வைத்ததும் பதினெட்டு தடவையாவது இருக்கும். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். நாணில் நான்கு இடத்தில், சத்தத்தை அடக்குகிற ரப்பர் மீசை கட்டியிருந்தான். அம்பு உட்காரும் தட்டில் கம்பளித் துணி ஒட்டியிருந்தான். திருகுகளை எல்லாம் முறுக்கி, நாணுக்கு மெழுகு தேய்த்து, வில்லின் கைகளிலும் ரப்பர் குமிழ் மாட்டிவிட்டான். அப்படியும் முந்தாநாள் ஒரு பெட்டை மான் சத்தம் கேட்டுக் குந்தியது. நாண் விடுபட்ட அந்த நொடியே கால்களை மடக்கி முதுகைத் தாழ்த்தியது. அம்பு அதற்கு மேலே போய் மண்ணில் குத்தியது.

அதற்கு முந்தின வாரமும் ஒரு மான் இப்படித்தான் குந்தியது. அது இன்னும் மோசம். அம்பு முதுகின் மேல்பாகத்தில் தைத்து, மான் அதோடேயே ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினார்கள். கடைசியில் காகங்கள்தான் இடம் காட்டின. அந்த இடத்தில் நின்றுதான் மைத்துனன் ஒய்வாவிடம் ரெய்னோ வாயை விட்டான்: "இந்த வில்வேட்டைப் பருவத்துல ஒரு அம்பு சுத்தமா படலன்னா, வில்ல உன்கிட்ட குடுத்துர்றேன். இனி தொட மாட்டேன்."

முந்தாநாள் தவறிய அன்று மாலை, வேட்டைக் குடிசையில் ஒய்வா கத்தரிக்கோலோடு காத்திருந்தான். குறி தவறியவனின் சட்டையில் பின்னால் தொங்கும் நுனியை வெட்டி ஆணியில் அடிப்பது அங்கே வழக்கம்.

"திரும்பு மச்சான். போன தடவ வெட்டுனது நீலம், இது கட்டம் போட்டது. இன்னும் ரெண்டு கெடச்சா ஜன்னலுக்குத் திரை தச்சிரலாம்."

"வெட்டு, வெட்டு."

"வில்லு எப்ப வரும்?"

"பதினாலாம் தேதி வரைக்கும் பருவம் இருக்குல்ல."

பதினைந்தாம் தேதி துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் வந்துவிடுவார்கள். இன்று பதின்மூன்று.

வீட்டு முற்றத்தில் ஒய்வாவைப் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லி எத்தனையோ அம்பு விட்டுப் பார்த்தாகிவிட்டது. "பூனை நடக்குற மாதிரி இருக்கு" என்றுதான் அவனும் சொன்னான். முற்றத்தில் பூனையாக இருந்த வில் காட்டுக்குள் போனால் ஏன் கத்துகிறது? இதைத்தான் ரெய்னோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தேழு வருஷம். ரம்பம் அவன் காதிலிருந்து மெல்லிய சத்தங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு ஓர் இரைச்சலை மட்டும் விட்டுவைத்திருந்தது. கையில் அதிர்வை உணரலாம் என்றால், விரல்களும் மரத்துப் போயிருந்தன. குளிர் வந்தால் வெளுத்து, யாரோ ஒருவருடைய விரல்கள் போல் ஆகிவிடும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சமையலறைக்குள் போனான், வெளியே வந்தான், மறுபடி போனான். மனைவி லெம்பி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உட்காரு, இல்லன்னா வெளிய போ. கதவு தேஞ்சுரும்."

"லெம்பி, கொஞ்சம் காட்டுக்கு வரியா?"

"எதுக்கு?"

"வில்லு சத்தம் போடுதான்னு கேட்டுச் சொல்லணும். எனக்கு…"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்குக் கேக்காது. டிவி எப்பவும் தானாவா அலறுது? ஆறு வருஷமா தெரியும். பூட்ஸ் எங்க?"

காட்டில், மரத்தில் கட்டியிருந்த வேட்டைப் பரணில் ஏறி, விழாமலிருக்க இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டான். வேட்டைக்கு உட்காருகிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கந்தல் அடைத்த சாக்கைக் குறிபார்த்து ஓர் அம்பு விட்டான்.

கீழேயிருந்து லெம்பி, "கிர்ருனு ஒண்ணு வருது. டப்பாவுக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி. முற்றத்துல இது இல்லையே."

"சரியாக் கேளு."

"சரியாத்தான் கேக்குறேன். எனக்குக் காது இருக்கு."

இன்னொன்று விட்டான். வண்டு இருந்தது. திருகுகளைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தன. அப்புறம் வில்லின் பக்கவாட்டில் மாட்டியிருந்த அம்புக்கூட்டின் மேல் அவன் கண் போனது. முற்றத்தில் அதைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத்தான் எய்வான். அவன் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான், பாரம் குறைந்தால் கை வலிக்காது. காட்டில் மூன்று அம்போடு அது வில்லிலேயே இருக்கும். அம்புகளைக் கவ்விப் பிடிக்கும் ரப்பரில் ஒரு பல் கிழிந்திருந்தது. அதிலிருந்த அம்பு பக்கத்து அம்பின் மேல் சாய்ந்து கிடந்தது.

கூட்டைக் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டு மறுபடி எய்தான்.

"இப்ப இல்ல" என்றாள் லெம்பி.

"நெசமாவா?"

"கறி தின்னப் போறவ நானுந்தான். பொய் சொல்லி எனக்கென்ன லாபம்?"

அப்படியும் அவனுக்கு நிம்மதி இல்லை. தன் வில்லைப் பற்றி இன்னொருத்தர் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவளும் வந்தாள். பரணுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது மணி வரை ஒன்றுமில்லை. ரெய்னோ கையுறையைக் கழற்றினான், போட்டான். கிளையில் தொங்கிய கூட்டை நான்கு முறை தொட்டுப் பார்த்தான். அப்புறம் ஒரு பெட்டை மான் தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து வந்து, இருபது கஜத்தில் பக்கவாட்டாக நின்றது.

நாணை இழுத்தான். மானின் காதுகளைப் பார்த்தான். அவனுக்கு இப்போது இருந்தது அந்தக் காதுகள்தான். விட்டான்.

காதுகள் அசையவில்லை. முதுகு தாழவில்லை. அம்பு நுழைந்த பிறகுதான் மான் துள்ளி எழுந்து புதருக்குள் பாய்ந்தது.

மற்றவர்கள் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். விழும் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. அவனுக்கு இரைச்சல்தான் கேட்டது. அடிபட்ட மான் மிரண்டு மேலும் ஓடாமலிருக்க அரை மணி நேரம் இறங்கக்கூடாது. காகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. திரும்பிப் பார்த்தான். லெம்பி வாளியிலிருந்து எழுந்து நின்று, தேவதாருக்களின் வலது பக்கம் கையை நீட்டினாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினாள்.

அரை மணி கழித்து இறங்கி அவளிடம் போனான். "விழுந்தது கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுது. அந்த முறிஞ்ச மரத்துக்குப் பக்கத்துல."

"வில்லு?"

"வில்லு கேக்கல. உன் முழங்கால்தான் விடிஞ்சதுல இருந்து பரண்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கும் ஒரு ரப்பர் வாங்கி மாட்டு."