அணைத்த பிறகும் சுற்றிய மீட்டர்

அந்தச் சனிக்கிழமை காலை இருந்தவர்கள்: வீட்டுக்காரி தெசாங்கா அத்தை. எதிர் வீட்டு லியுபிவோயே, பள்ளியில் அக்கார்டியன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அத்தையின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் நான், ஓக்னியன். வாசலில் என் பெட்டி. பெட்டியையும் சேர்க்கத்தான் வேண்டும். ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து நான் வந்தபோது அத்தையே அதைக் கட்டி வைத்திருந்தாள்.

"இந்த மாசமும் பில்லு சிவப்புல வந்திருக்கு," என்றாள். அளவாக எரித்தால் பச்சை, கூடினால் நீலம், அதற்கும் மேலே போனால் சிவப்பு, விலையும் எகிறும். "லெஸ்கோவாட்ஸ் ஊரு முழுக்க ராத்திரி கரண்ட் மலிவா இருக்கறப்ப துணி துவைக்குது. இவன் ராத்திரியெல்லாம் வெளிய இருந்துட்டு, பகல்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு தூங்குறான். கரண்ட்டு படிச்சானாம். படிப்ப விட்டான், கரண்ட்ட விடல."

லியுபிவோயே குலுங்கிச் சிரித்தார். மின்பொறியியலை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். கேலி பழகிவிட்டது. பெட்டி பழகவில்லை. டிசம்பரில் வேறு அறை கிடைக்காது.

"அளந்து பாத்துரலாம் அத்தை. ஹீட்டர்தான் எல்லாத்தையும் தின்னுதுன்னா நானே போயிடறேன்."

"அளப்போம். ஆனா முடியற வரைக்கும் குளிக்கப் போகாத. பாய்லர நோண்டினா கணக்கு குழம்பும்."

தலையெல்லாம் மாவு. கழுத்து அரித்தது. மனதுக்குள் அவளைத் திட்டினேன். குளிக்கும் விஷயத்தில் அவளுக்கு எப்போதும் இரண்டு கட்டளைகள் உண்டு. குளியலறைக்கு வெளியே உள்ள சுவிட்சில் பாய்லரை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். இது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இரண்டாவது அவளுடையது: கதவைத் தாழ் போடக் கூடாது. "ஷாக் அடிச்சு விழுந்தா கதவ யாரு உடைக்கிறது?"

மீட்டர் படிக்கட்டு ஓரத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகடு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. லியுபிவோயே முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கோடு வரும்போதெல்லாம் காலால் தட்டினார். நாங்கள் உள்ளே ஒவ்வொரு பொருளாகப் போட்டோம்.

ஃபிரிட்ஜ்.

"தாலாட்டு!" என்று கத்தினார்.

டிவி.

"அதே பாட்டுதான்!"

என் ஹீட்டர்.

"கல்யாண வீட்டு ஆட்டம்! மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது!"

அத்தை வாசலைக் காட்டினாள். "பெட்டிய எடுத்துக்க."

"இருங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒரு தடவ பாக்கணும். தகடு நிக்குதான்னு பாக்காம அளந்ததா சொல்லக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே எல்லா பிளக்கையும் பிடுங்கினாள். ஹீட்டரை நான் தூக்கிக்கொண்டு போய் லியுபிவோயேயின் காலடியிலேயே வைத்தேன்.

"இப்ப?"

அவர் சிரிக்கவில்லை. "சவ ஊர்வலம். மெதுவாப் போகுது. ஆனா நிக்க மாட்டேங்குது."

நான் எதையோ ஒளித்து ஓட்டுகிறேன் என்று அத்தை நேராக என் அறைக்குள் புகுந்தாள். மெத்தையைத் தூக்கினாள், அலமாரியைக் குடைந்தாள். "நாத்தம் புடிச்ச சாக்ஸ் மூணு. வேற ஒண்ணுமில்ல," என்றபடி வந்தாள். குரலில் ஏமாற்றம்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். குளியலறை ஃபியூஸ் கையில் வந்ததும் வெளியிலிருந்து சத்தம்:

"நின்னுருச்சு!"

"அதுல பாய்லர் மட்டும்தானே இருக்கு. பாய்லர்தான் அணைச்சிருக்கே, சுவிட்ச்சுல சிவப்பு விளக்கும் எரியலையே," என்றாள் அத்தை. "என் வீட்டுக்காரர் ராதிசாவ் மாட்டுன சுவிட்ச். எத்தன வருஷமா ஓடுது! அவ்வளவு நல்ல பாய்லர், அணைச்சு வெச்சாலும் தண்ணி சூடு ஆறாது."

சூடு ஆறாது. வேலை முடித்து வந்து குழாயைத் தொடும்போது சில நாளாக விரலில் ஊசி குத்துவது போல இருந்தது. தூக்கமில்லாத உடம்பு என்று விட்டுவிட்டேன்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். சுவிட்ச் அணைந்தே இருந்தது. பாய்லரின் அடியில், உலோகத்தில் டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது.

மறுபடி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு சுவிட்ச் மூடியையும் பாய்லர் மூடியையும் கழற்றினேன். சுவிட்ச் தவறான வயரை, கரண்ட் திரும்பிப் போகும் வயரைத் துண்டித்துக்கொண்டிருந்தது. கரண்ட் வரும் வயர் அணைத்த பிறகும் உள்ளேயேதான் இருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் கம்பி வெடித்துப்போய், அதிலிருந்து கசிந்த கரண்ட் இரவும் பகலும் எர்த் வயர் வழியே ஓடியிருக்கிறது. மீட்டர் எண்ணியது அதைத்தான். எர்த் வயர் கருகி ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அறுந்திருந்தால் அடுத்துக் குழாயைத் தொடுபவனின் உடம்புதான் வயர். அன்று காலை அடுத்தது நான்.

டெஸ்டரைக் கீழே வைத்தேன்.

"நீ குளிக்கலேல்ல?" என்றாள் அத்தை. நன்றாகத் தெரிந்துதான் கேட்டாள்.

"நீங்கதான் விடலயே."

அவள் சுவரிலிருந்த கணவரின் படத்தின் பக்கம் திரும்பினாள். "ஒரு சுவிட்ச ஒழுங்கா மாட்டத் தெரியல. இதுல போகாம மாரடைப்புல போய்ச் சேந்தாரே, மகராசன்."

"தெசாங்காம்மா, அந்தச் சிவப்பு பில்லுக்கு ஃபிரேம் போட்டு அவர் பக்கத்துல மாட்டுங்க," என்றார் லியுபிவோயே.

யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். என்னைச் சந்தேகப்பட்ட ஒரு பொம்பளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? "அத்தை," என்று ஆரம்பித்தேன்.

"வாயத் தொறக்காத," என்றாள். என் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே போய் என் அறைக்குள் விட்டாள். பிறகு அடுப்பில் பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தாள், குளிர்கால ஊறுகாய்க்கு மிளகாய் வேகவைக்கிற சட்டி. அது கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள். லியுபிவோயே சட்டியின் ஒரு காதைப் பிடிக்க, நான் மறு காதைப் பிடித்துக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். அவர் வெளியே போனார்.

அத்தை வாசற்படியில் நின்று மேலங்கிப் பையைத் தட்டிக் காட்டினாள். உள்ளே குளியலறை ஃபியூஸ்.

"இன்னிக்குத் தாழ் போட்டுக்கடா."

கதவைச் சாத்தினேன். தாழ் போட்டேன்.