குழாய் – 4

படம் வெளியான வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பத்தாறுக்கு, முதல் காட்சியில் அந்த அலறல் வந்த அதே நொடியில், சத்தக்காரனின் அக்காவிடமிருந்து எல்லாச் சத்தமும் போய்விட்டது. அப்போது அவள் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு கைநழுவித் தரையில் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஓசையே இல்லாமல் படுத்துக்கொண்டது. அவள் குனிந்து எடுத்து, இந்த முறை வேண்டுமென்றே, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். மாலையில் மகள் வேலையிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னாள். சொன்னது மகளுக்குக் கேட்கவில்லை. காதில்தான் கோளாறு என்று இருவரும் மறுநாள் காது டாக்டரிடம் போனார்கள். அக்காவின் காதில் ஒரு குறையும் இல்லை. தெருவில் போகிற பஸ், பக்கத்து அறை டெலிபோன், டாக்டரின் மூக்கடைப்பு எல்லாமே அவளுக்குக் கேட்டது. அவளைத்தான் யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார், எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துச் சரிபார்த்தார், மறுபடி அவள் நெஞ்சில் வைத்தார். கடைசியில் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று சீட்டில் எழுதி, கூடவே சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

சத்தக்காரன் என்பது தம்பிக்கு ஸ்டூடியோவில் வைத்த பெயர். படத்தில் நடக்கிறவர்களுக்குக் காலடி ஓசை, அடிபடுகிறவர்களுக்கு எலும்பு முறியும் ஓசை, குத்துப்படுகிறவர்களுக்குக் கத்தி இறங்கும் ஓசை எல்லாம் இருபது வருடமாக அவன் கொடுத்ததுதான். எலும்புக்கு முட்டைக்கோஸ் தண்டை ஈரத்துணியில் சுற்றி முறுக்குவான். பிணத்தை இழுக்கிற காட்சிக்கு அவனுடைய பழைய மழைக்கோட்டு. பயம் என்பது கண் சமாச்சாரமே இல்லை, பேயின் முகத்தைக் காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று புதிதாக வருகிற இயக்குநர்களிடமெல்லாம் சொல்வான். நல்ல மனிதனைப் பேயாக்க மேக்கப் வேண்டாம், அவனுடைய காலடி ஓசையை மட்டும் எடுத்துவிடுங்கள், போதும் என்பான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். பின்னாளில் அந்தப் பெருமையை நினைத்தபோதெல்லாம் அவனுக்குக் காது மடல் சுட்டது.

அந்த அலறல் வந்த கதை இதுதான். அக்கா வீட்டுச் சமையலறைக் குழாயை மூடினால் உடனே மூடிக்கொள்ளாது. வயிற்றுவலிக்காரனைப் போல ஒரு முனகல், பிறகு மூன்று சொட்டு, அதன் பிறகுதான் அடங்கும். அம்மா இறந்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் வீட்டுக்கு அவன் எந்நேரமும் வருவான், எதையும் எடுப்பான். ஒரு புதன்கிழமை பகலில் மெஷினோடு வந்து அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பதிவு செய்துகொண்டிருந்தான். மூன்று முறை சரியாக வரவில்லை. நான்காவது முறை முனகல் வந்தது, மூன்று சொட்டும் சுத்தமாக விழுந்தது, வாசலில் மணி அடித்தது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரோடு வேலை செய்கிறவர் வாசலில் நின்றிருந்தார். அவர் கையில் அத்தானின் டூல் பை இருந்தது. ஆள் வராமல் பை மட்டும் வந்திருப்பதை அக்கா பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் தம்பி பக்கம் திரும்பி அலறினாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் சொன்னால் அவனை மன்னித்துவிடலாம். யாருக்கும் அந்த நேரத்தில் அணைக்கத் தோன்றாது. ஆனால் அவன் கை அசைந்தது. அலறல் உயர்ந்துகொண்டே போனபோது, சத்தம் மிஞ்சிப் பதிவு உடைந்துவிடக் கூடாது என்று, அவனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒலி அளவுக் குமிழை இடதுபக்கம் ஒரு துளி திருகிக் குறைத்தன. இருபது வருடப் பழக்கம். அத்தான் இறந்த செய்தி அவன் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டது. பிறகுதான் ஓடிப்போய் அக்காவைப் பிடித்துக்கொண்டான், அழுதான், பதினாறு நாள் அந்த வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தான். அந்தப் பதிவை அழிக்கவில்லை. மேலே ‘சமையலறைக் குழாய் – 4’ என்று எழுதி இழுப்பறையில் போட்டு வைத்தான்.

ஒன்றேகால் வருடம் கழித்து அந்தப் பேய்ப்படம் வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண், ஒரு வீடு, நடுவில் ஒரு அலறல். ஆறு நடிகைகள் வந்து தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுப் போனார்கள். இயக்குநர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் கத்தச் சொன்னதால் கத்துகிற மாதிரி இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக ஒன்று வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். சத்தக்காரன் அன்று வீட்டுக்குப் போனான், இழுப்பறையைத் திறந்தான், மூடினான். மறுநாளும் அப்படியே. வியாழக்கிழமை திறந்தவன் மூடவில்லை. இயக்குநர் ஒரு முறை கேட்டார், இன்னொரு முறை கேட்டார், பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இது யார் குரல் என்றார். “கிடைச்சுது சார்” என்றான் அவன். முன்னால் வருகிற முனகலையும் மூன்று சொட்டையும்கூட எடுக்க வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

படம் ஓடிய ஓட்டத்தை ஊரே அறியும். தியேட்டரில் தினமும் இரண்டு பேராவது மயக்கம் போட்டார்கள். மூன்று சொட்டு விழுந்ததுமே ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்; பொத்தியவர்களுக்கும் கேட்டது. அந்த வருடம் சொட்டுகிற குழாயை யாரும் வீட்டில் விட்டு வைக்கவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர்களைப் பிடிப்பதே பெரிய பாடாகி, அவர்களில் இருவர் சொந்தமாக வீடு கட்டினார்கள். இதெல்லாம் சத்தக்காரனின் காதுக்கு வந்தது. முதல் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எத்தனை தலைகள் துள்ளுகின்றன என்று எண்ணியவன், அக்காவுக்கு நேர்ந்ததையும் நேர்ந்த நேரத்தையும் கேட்ட பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். இரண்டும் இரண்டும் நான்கு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் மகள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். கூட வேலை செய்கிறவர்களோடு அவளும் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். “எல்லாரும் பயந்து கத்தினாங்க மாமா. எனக்குப் பயமே வரலை. ஏன்னு தெரியலை, உடனே அம்மாவைப் பாக்கணும்போல இருந்துச்சு, அழுதுட்டேன்” என்றாள். மாமா கைகழுவப் போகிற சாக்கில் எழுந்து போய், குழாயைத் திறக்கப் பயந்து, உலர்ந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அந்தக் குடியிருப்பில் அக்கா எல்லாருக்கும் வேண்டியவள். கேட்காமலே குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போய் நிற்பாள். இப்போதும் போய் நின்றாள். நிற்பது யாருக்கும் தெரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தினால் அவள் எதிரில் இருப்பாள். மாடிப்படி திருப்பத்தில் பால்காரர் இரண்டு முறை பாலைக் கீழே போட்டார். கீழ்வீட்டு இருதயக்காரர், அந்த அம்மா தங்கமானவர்தான், ஆனாலும் இப்படித் திடீர் திடீரென்று வந்து நின்றால் நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று புலம்பினார். குழந்தைகள் அவளைக் கண்டதும் அழ ஆரம்பித்தன. அக்கா வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். காலடி ஓசையை எடுத்துவிட்டால் நல்ல மனிதர் பேயாகிவிடுவார் என்று தான் ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை, தன் அக்காவை வைத்தே நடத்திக் காட்டிவிட்டோம் என்று சத்தக்காரன் கூனிக் குறுகிப்போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன்னுடைய சாமான் பெட்டியோடு வந்தான். அதில் நான்கு ஜோடிச் செருப்பு, சாவிக்கொத்து, இரண்டு தட்டு, ஒரு கத்தி, ஒரு சின்ன மரப்பலகை. அக்கா நடந்தால் இரண்டடி பின்னால் அவனும் நடந்தான். அவள் கால் தரையில் படுகிற அதே கணத்தில் அவன் செருப்பு ஓசை எழுப்பியது. அவள் பாத்திரத்தை வைத்தால் அவன் தட்டைத் தட்டினான். அவள் கதவைச் சாத்தினால் பலகையை அடித்தான். உதட்டைப் பார்த்தே வசனத்துக்கு ஓசை சேர்த்துப் பழகியவன் ஆகையால், அவள் பேசினால் அதையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவனே சொன்னான். ஸ்டூடியோ வேலை போக மற்ற நேரமெல்லாம் இதுதான். ஒரே மாதத்தில் பால்காரர் பாலைப் போடுவதை நிறுத்தினார், குழந்தைகள் பழையபடி அவள் மடியில் ஏறின. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குடியிருப்பே மெச்சியது. வீட்டுக்கு வீடு தங்கள் தம்பிமார்களைக் கூப்பிட்டு வைத்து அவனைக் காட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவனுக்குச் செருப்படியாக விழுந்தது. அதற்கு மட்டும் யாரும் ஓசை சேர்க்கவில்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. நான்காம் வருடம் குடியிருப்புக்காரர்கள் கூடிப் பேசி, அவனுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். நாற்காலிக்கும் மைக்குக்கும் ஏற்பாடாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் மதியம் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் அவன் வெறும் பலகையில் கத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். மகள் மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நாளைய மைக் நினைவுக்கு வந்தது. தட்டுவதை நிறுத்தினான். அவன் நிறுத்தியதும் அக்காவும் நிறுத்தினாள்.

“அக்கா, அந்தப் பேய்ப்படத்துல வர்ற அலறல் உன்னோடது. அத்தான் சேதி வந்த அன்னைக்கு... மெஷினை அணைக்க மறந்துட்டேன்.”

இவ்வளவு வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தும், வாய் திறந்தபோது அந்தக் கடைசி வார்த்தை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பாதி மானமாவது மிஞ்சட்டும் என்று வந்த வார்த்தை. அக்கா அவனையே பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அவள் உதடு அசைந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, இல்லாத ஒன்றை இடதுபக்கம் ஒரு துளி திருகினாள். மறுபடி உதடு அசைந்தது. அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

“அம்மா என்ன சொல்றாங்க மாமா?” என்றாள் மகள்.

அக்காவின் பேச்சுக்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. போனது போகட்டும் என்கிறாள் என்று அவன் சொல்லியிருக்கலாம், மகள் நம்பியிருப்பாள். அந்த வாக்கியம் பல்லுக்குப் பின்னால் தயாராக வந்து நின்றது. அக்கா அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று அவன் கையைப் பார்த்த அதே பார்வை. அவன் அதை விழுங்கிவிட்டு, வழக்கம்போல அவள் வார்த்தையிலேயே சொன்னான்.

“‘நீ மறக்கலடா. திருகிக் குறைச்சே. நான் கத்திக்கிட்டே உன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்’னு சொல்றாங்க.”

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. எதைத் திருகினீர்கள் என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி விளக்கினான். அவள் மடித்த துணியை மேசையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம் மட்டும் யாரும் செய்து கொடுக்காமல் நன்றாகவே கேட்டது. அவன் அக்கா பக்கம் திரும்பினான். அடிப்பாள், போ என்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தான். அதில் எது நடந்திருந்தாலும் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா கத்தியை எடுத்தாள், ஒரு வெங்காயத்தை நறுக்கினாள், ஓசை வராததால் நிமிர்ந்து அவன் பலகையைக் காட்டினாள். அவன் தட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் கூட்டத்தில் மைக்கைக் கையில் வாங்கி, குமிழ் வரைக்கும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். யாரும் கைதட்டவில்லை. போட்ட நாற்காலிகளை அவரவரே மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அன்றோடு பாராட்டு நின்றது. ஆனாலும் மறுநாள் காலை அவன் வரக் கொஞ்சம் தாமதமானதும் கீழ்வீட்டு இருதயக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்த அலறலைப் படத்திலிருந்து எடுத்துவிடும்படி அவன் கம்பெனிக்கு ஏழு முறை மனுக் கொடுத்தான். படத்தை எங்கெங்கோ விற்றாகிவிட்டது என்று ஏழு முறையும் ஒரே பதில் வந்தது. அதற்குப் பிறகு அவன் பேய்ப்படம் எதற்கும் வேலை செய்யவில்லை. மகள் பதினோரு மாதம் அவனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் மாதம் ஒரு காலையில் இரண்டு கப் டீக்குப் பதில் மூன்று கப் கொண்டு வந்து வைத்தாள். மூன்றாவதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அக்காவின் சத்தம் திரும்பி வரவில்லை. அது படத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று குடியிருப்பில் இப்போது எல்லாருக்கும் தெரியும். புதிதாகக் குடி வருகிறவர்களிடம், தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்வதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுவார்கள். அக்காவுக்கு வயதாகி இடது முழங்கால் தேய்ந்துவிட்டதால், சத்தக்காரனும் இடது செருப்பைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறான். அவள் இருமலுக்குத் தனியாக ஒரு இருமல் பழகியிருக்கிறான்.

வருடத்தில் ஒரு நாள், அத்தான் இறந்த நாளன்று பகலில், அக்கா சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவாள். முனகல் கேட்காது, மூன்று சொட்டு விழும். அவள் வாய் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் நிறையும். ஒரு ஓசையும் வராது. அப்போது சத்தக்காரன் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவள் கண்ணில் படும்படி விரித்து முழங்காலின் மேல் வைத்திருப்பான். அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே அலறி முடிப்பாள். அதற்கு மட்டும் அவன் ஓசை கொடுப்பதில்லை.