மைனஸ் மூன்று

மின்சாதன ரிப்பேர் கடை மீட்டர் அக்கா கோபக்காரி என்பது தெருவுக்கே தெரியும். கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "எப்போ கிடைக்கும்?" என்று மூன்று தடவை கேட்டால், பெட்டியைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். அன்று காலை ஓட்டமும் நடையுமாக வந்த நர்ஸ் அப்படி எதுவும் கேட்கவில்லை. கையளவு பச்சைச் சர்க்யூட் போர்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, எதிர்க்கடைத் தையல்காரர் குழந்தைய சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்றாள்.

தையல்காரரின் மனைவிக்கு முந்தின நாள்தான் இரட்டைப் பெண் குழந்தைகள், மாதம் நிறையாமல் பிறந்திருந்தன. தெருமுனைப் பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர் மொத்தமே இரண்டு. சின்னவள் படுத்திருந்த வார்மரில் காலையில் கருகல் வாடை வந்து, அது அணைந்துவிட்டது. அதிலிருந்து கழற்றியதுதான் இந்தப் போர்டு. ஆபரேஷனான தாய் இன்னும் கண் திறக்கவில்லை. அதனால் அப்பா தன் நெஞ்சுச் சூட்டில் குழந்தையைக் காத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியில் கேட்டால் புதுப் போர்டு வர ஒன்பது நாளாம். பெரிய ஆஸ்பத்திரியில் இடம் காலியில்லை.

அக்கா லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். வெடித்திருந்தது ஒரு கெப்பாசிட்டர். அதன் மேலே எழுத்து மிச்சமிருந்தது, மாற்றிவிடலாம். ஆனால் அது வெடித்த வேகத்தில், பக்கத்திலிருந்த அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றும் கரிக்கட்டையாகியிருந்தது. அது எத்தனை ஓம் தடை என்று சொல்லும் வண்ணக் கோடுகள் போயே போய்விட்டன. அடியில் ஓடும் செப்புக் கோடும் வெந்து அறுந்து, கரியில் மறைந்துவிட்டது; புதிதாகக் கம்பி இழுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அவள் கணவர் கடையின் முன்பக்கத்தில் மின்விசிறி பார்ப்பவர். எட்டிப் பார்த்தார். "பக்கத்துல இருக்கிறதெல்லாம் ஆயிரம் ஓம்தானே? இதுக்கும் ஒரு ஆயிரத்தைப் போட்டு விடேன்."

"குழந்தை படுக்கிற மெஷினுங்க இது. உங்க ஃபேனா என்ன, கொஞ்சம் வேகமா சுத்தினா காத்து ஜாஸ்தின்னு சந்தோஷப்பட?"

அவர் திரும்பிப் போய் ஒரு ஃபேனைக் கழற்றத் தொடங்கினார்.

அவள் சொன்னதில் நியாயமிருந்தது. கருகிய ரெசிஸ்டர் சேரும் சந்திப்பில் எப்போதும் ஐந்து வோல்ட் நிற்க வேண்டும். போர்டைச் செய்த புண்ணியவான் பக்கத்திலேயே அதை அச்சடித்து வைத்திருந்தான். அந்த ஐந்தை வைத்துத்தான் இயந்திரம் சூட்டை அளக்கிறது. ஐந்து மூன்றாக இறங்கினால், குழந்தை குளிரில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது மேலும் மேலும் சூடேற்றும்.

கருகிய போர்டுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பென்சிலை எடுத்துப் படம் போட்டாள். சந்திப்பில் நான்கு ரெசிஸ்டர்கள். ஒன்று மேலே பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து வருகிறது. இரண்டு கீழே பூஜ்ய வோல்ட்டுக்குப் போகின்றன. மூன்றுமே ஆயிரம் ஓம். நான்காவதுதான் கருகியது. கீழே போகிற இரண்டுக்கும் பக்கத்தில் தோளோடு தோளாக அது உட்கார்ந்திருந்ததால், இதுவும் கீழேதான் போகிறது என்று முடிவு கட்டி அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போட்டாள். இருபது வருஷம் போர்டு பார்த்த கண்ணாயிற்றே, சந்தேகமே வரவில்லை.

கணக்கு சின்னதுதான். சந்திப்புக்கு வருகிற மின்னோட்டம் அத்தனையும் அங்கிருந்து போய்த்தான் ஆக வேண்டும். அங்கே தங்க இடமில்லை. ஆயிரம் ஓமில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு மில்லி ஆம்பியர் ஓடும். பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு இறங்கி மேலிருந்து வருவது ஏழு மில்லி ஆம்பியர். கீழே இரண்டு வழியாகவும் ஐந்து ஐந்தாகப் பத்து போகிறது. நான்காவதில் எவ்வளவு போகிறது?

மைனஸ் மூன்று.

"சனியன்" என்று அழித்தாள். மறுபடி போட்டாள். மைனஸ் மூன்று. நர்ஸ் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தன்மேலேயே எரிச்சல். ஏழு வந்து பத்து எப்படிப் போகும்? அந்த மூன்று எங்கிருந்து வரும்?

பென்சில் அப்படியே நின்றுவிட்டது. எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? மைனஸ் என்றால், போகிறது என்று நீ போட்ட அம்பு தப்பு, அது உள்ளே வருகிறது என்று அர்த்தம். படிக்கிற காலத்தில் மார்க்குக்காக நூறு தடவை எழுதியிருக்கிறாள். ஒரு தடவைகூட நம்பியதில்லை.

போர்டைத் திருப்பினாள். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் கரியை மெல்ல மெல்லத் துடைத்தாள். ஊசிமுனை அளவு ஒரு துளை தெரிந்தது. துளை வழியாக முடியளவு செப்புக் கோடு பின்பக்கம் போய், வளைந்து நெளிந்து, எட்டு வோல்ட் கம்பியில் சேர்ந்திருந்தது. கீழே போகவேயில்லை. எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் மூன்று. மூன்று வோல்ட்டில் மூன்று மில்லி ஆம்பியர் வர வேண்டுமென்றால், ஆயிரம் ஓம்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரிக்கு அடியில் யாருமே பார்க்காத கோடு. அவளே அடித்துச் சொன்ன பொய்யில்தான் கணக்கு தொடங்கியது. அப்படியிருந்தும் நாலு எண்கள் அவளைக் கோபிக்காமல், கைவிடாமல், அமைதியாக உண்மையைக் கொண்டுவந்து காகிதத்தில் வைத்துவிட்டன. இவ்வளவு பெரிய ஒன்றை இத்தனை நாள் இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

"என்னங்க, ஆயிரம்தாங்க" என்றாள் கணவரிடம்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. ஆனா நீங்களும் நானும் அதைக் கீழ சேர்த்திருப்போம். மூணு வோல்ட் நின்னிருக்கும்."

அவர் முகத்தில் சிரிப்பு அடங்கியது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

புதுக் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் வைத்து, எட்டு வோல்ட் கம்பியில் சேர்த்துப் பற்றவைத்தாள். ஆஸ்பத்திரியில் போர்டைப் பொருத்தி, சந்திப்பில் மீட்டரை வைத்தாள். 5.00. காலி மெத்தையில் தெர்மாமீட்டரைப் படுக்கவைத்து, முழுசாக ஒரு மணி நேரம் வார்மரை ஓடவிட்டாள். வைத்த சூட்டைவிட்டு இம்மியும் ஏறவில்லை, இறங்கவில்லை.

தையல்காரர் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு மேலே சின்னவளின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நர்ஸ் கை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை.

"நிச்சயமா சரியாயிடுச்சா அக்கா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அக்கா சீறியிருப்பாள். இன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் நிச்சயம்னு சொன்னா நம்பாதீங்க. காலையில நான் நிச்சயமாத்தான் தப்பா இருந்தேன். கைய அங்க வச்சுப் பாருங்க."

அவர் ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையை வார்மர் விளக்கின் கீழே நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழந்தையை மெத்தையில் வைத்தார். சின்னவள் ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டு, காலை நீட்டித் தூங்கிப்போனாள்.

தையல்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "இங்க குளிருது அக்கா" என்று சொல்லி அழுதார்.