கடைசித் தூக்குச்சட்டி

என் பொண்டாட்டி ரோஜா எம்.எஸ்சி. முடித்தவள். பேரிடர் மேலாண்மையில். அதையும் கடல் தாண்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் வழியாகவே படித்து முடித்தாள். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. டீக்கடையில் என் தலையைக் கண்டாலே பாதிப் பேர் எழுந்து போகிறார்கள். போகட்டும், எனக்கென்ன.

ஆரம்பத்தில் நானும் சிரித்தவன்தான். அவள் பட்டாசு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் டிரைவர். இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றாள். வெடித்தால் ஓடுவதற்குக்கூடப் படிப்பு இருக்கிறதா என்று கிண்டல் செய்தேன். அவள் என் இடது கையைப் பார்த்தாள். அதோடு கிண்டலை விட்டேன்.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வேறொரு கம்பெனியில் வெடித்தது. என் அக்கா சண்முகத்தாய் அங்கேதான் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் விலகி ஓடமாட்டோம். புகை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓடுவோம், நம்ம ஆள் அல்லவா உள்ளே இருக்கிறது. நானும் ஓடினேன். இரண்டாவது வெடியில் முழங்கை வரைக்கும் தோல் போயிற்று. அக்காவோ முதல் சத்தத்திலேயே பின்பக்கமாக வெளியேறி, ஓடைக்கரையில் உட்கார்ந்து என்னைத் தேடி அழுதுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தோறும் சிவகாசியில் சாதிக் பாட்சா பாயின் பிரவுசிங் சென்டரில் ரோஜாவுக்கு வகுப்பு. அப்போது கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் பாய் மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துவிட்டு, யு.பி.எஸ். பேட்டரியில் மிச்சமிருப்பதை இவளுக்கே விடுவார். பாதி விளையாட்டில் எழுப்பப்பட்ட பையன்கள் முறைப்பார்கள். சூப்பர்வைசரம்மா படிக்கிறாக என்று பாய் அதட்டுவார். நான் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

கடைசியில் ஒரு செய்முறை வேலை. நிஜமான இடத்தில், நிஜமான ஆட்களை வைத்து ஆபத்துக்கால ஒத்திகை நடத்தி, நடந்ததை அறிக்கையாக எழுத வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பரோடு கெடு முடிகிறது. தீபாவளி கழிந்து வேலை தொடங்கிய புதிது என்பதால் மேனேஜர் மாரிசாமி அரைமணி நேரம் கொடுத்தார்.

நூற்று இருபத்தாறு பேர் நாலு நிமிஷத்துக்குள் வெளியேறி, ரோட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். இதுதான் அவள் திட்டம். பயப்பட வேண்டாம், வெறும் ஒத்திகை என்று வேனில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னவனே நான்தான்.

சைரன் அடித்தது. பெண்கள் புளியமரத்துப் பக்கமே திரும்பவில்லை. உரசினால் பொறி பறக்கும் என்று உலோகப் பாத்திரத்தை வேலை அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், எல்லோருடைய சோற்றுத் தூக்குச்சட்டியும் உள்கேட்டுப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் தொங்கும். அத்தனை பேரும் சட்டியை எடுக்க அங்கே போய் முண்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சைரன் காதில் விழுந்ததும் வேனிலிருந்து குதித்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஒத்திகை என்று தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை. நான் ஓடுவதைப் பார்த்து டீக்கடையே எழுந்து பின்னால் ஓடிவந்தது. வெளியே வருகிறவர்களை நாங்களே அடைத்துக்கொண்டோம். எல்லாம் அடங்கப் பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமாதானமாக ஒரு வழி சொன்னேன்.

"நாலு நிமிசம்னே எழுது புள்ள. கடல் தாண்டி இருக்கவுகளுக்கு இங்கன நடந்தது என்ன தெரியும்?"

"பொய்யெழுதி வாங்குன பட்டத்த வச்சு, நாளைக்கு நெசமா வெடிச்சா யாரக் காப்பாத்தச் சொல்றீக?" என்றாள். பிறகு இரண்டு நாள் சோறு மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே ஆரம்பித்தாள். எல்லோரும் சட்டியைத் தேடித்தானே ஓடினார்கள், அப்படியானால் சட்டியைப் புளியமரத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கொட்டகை, ஆளுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு மேலே பெயர். வெளியே வந்தவர் தம் சட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டி தொங்கினால் அந்த ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். தேடி வரும் சொந்தக்காரர்கள் கேட்டுக்குப் போகாமல் ஆணியைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டை நம்ப முடியாது, அக்காக்காரி பெயரில் தங்கச்சி வேலைக்கு வந்திருப்பாள். சோறு கொண்டுவராமல் மட்டும் யாரும் வரமாட்டார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது?

மாரிசாமியிடம் கெஞ்சிப் புதுக் கொட்டகையைப் போட வைத்து, இன்னொரு அரைமணியும் வாங்கினாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

"நீங்க கொட்டகைக்கிட்ட நிக்கணும். நீங்க ஓடுனா ஊரே ஓடும். நீங்க நின்னா நிக்கும்."

சைரன் அடித்தது. என் பின்னால் ஊரே நின்றது. முன்வரிசையில் அக்கா, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் ரோட்டைத் தாண்டி வரிசையாக வந்து சட்டியை எடுத்தார்கள். இருபது தொங்கியது, பத்தாயிற்று, மூன்றாயிற்று. பிறகு ஒன்றே ஒன்று. மூடியில் 'மு. ரோஜா' என்று வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கியது, பாத்திரக்கடையில் நான் பக்கத்தில் நின்று வெட்டச் சொன்ன பெயர்.

ஒத்திகைதான். தெரியும். போன தடவையும் தெரிந்துதான் இருந்தது. இடது கை எரிந்தது. பக்கத்திலிருந்த காலி ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரோ முண்டினார்கள், "ஏலே, நில்லுலே" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

எல்லா அறையையும் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக அவள் நடந்து வந்தாள். சட்டியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டு வாட்சைப் பார்த்தாள். நாலு நிமிஷம் பத்து செகண்டு. அந்தப் பத்து செகண்டையும் விடாமல் எழுதினாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. பாய் பட்டச் செய்தியைக் கலரில் பிரிண்ட் எடுத்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்று வீட்டில் ரோஜா தன் அறிக்கையில் ஒரு பக்கத்தை எனக்குத் தமிழில் சொன்னாள். முதல் ஒத்திகையில் தடையை மீறி உள்ளே ஓடிய முதல் ஆள் என் கணவர் முனியராஜ் என்று எழுதியிருந்தாள். என் மானத்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டாயே என்று சத்தம் போட்டேன்.

"அடுத்த வரியக் கேளுங்க" என்றாள். "ரெண்டாவது ஒத்திகையில, என் சட்டி மட்டும் தொங்குனப்பவும் அவரு ஓடல. அவரு நின்னதாலதான் ஊரு நின்னுச்சுன்னு எழுதிருக்கேன்."

அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அந்தத் தாளை வாங்கி, எனக்குத் தெரியாத இங்கிலீஷில் என் பெயரைத் தேடினேன். அவள் விரல் வைத்துக் காட்டினாள்.